ஐஸ் வேண்டும், ஆனால் ஐஸ் தொடக்கூடாது: துண்டான விரலை மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் முறை

மலேசியாவில், பினாங்கு மாநிலத்துப் பிறை என்ற ஊரில், இரும்புத் தகடு அழுத்தும் பட்டறை ஒன்றில் வேலை செய்கிறேன். பாதுகாப்புப் பொறுப்பும் என்னுடையதுதான். ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமென்றால் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவரை முதலாளி நியமித்தாக வேண்டும் என்று 2024 ஜூன் 1 முதல் சட்டம் வந்துவிட்டது. அதிலிருந்து பட்டர்வொர்த் தொடங்கி நிபோங் திபால் வரைக்கும் சின்னச் சின்னப் பட்டறைகளில் திடீரென்று நிறையப் பேர் அந்தப் பட்டத்தைச் சுமக்கிறார்கள். பாதிப் பேர் நேற்றுவரை கணக்கு எழுதியவர்கள், ஸ்டோர் பார்த்தவர்கள். இது அவர்களுக்காக எழுதியது. ஊரிலிருந்து வந்து இரண்டு வாரம்கூட ஆகாமல் பிரஸ் முன்னால் நிற்கும் தம்பிமார்களுக்கும் சேர்த்துத்தான்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். இதற்கு முன்பு நான் வேலை செய்த பட்டறையில், ஒரு மத்தியான ஷிப்டில், புதிதாக வந்த தம்பி ஒருவனுக்கு மோதிர விரல் போய்விட்டது. எல்லோரும் கத்திக்கொண்டிருந்தார்கள். விரலுக்கு ஐஸ் வேண்டும் என்று எங்கேயோ கேட்ட ஞாபகம் எனக்கு. எதிரே இருந்த தண்ணீர்க் கடைக்கு ஓடி, பார்சல் கட்டும் டபாவ் பிளாஸ்டிக் பையில் ஐஸ் வாங்கிவந்து, விரலை அப்படியே அதற்குள் போட்டு முடிச்சுப் போட்டேன். ஏதோ பெரிய காரியம் செய்த நினைப்பு. மருத்துவமனையில் பையைப் பிரித்தபோது பாதி ஐஸ் உருகியிருந்தது. நாள் முழுக்கத் துணி துவைத்தவர் கைபோல விரல் வெளுத்துச் சுருங்கிக் கிடந்தது. ஐஸோடு ஒட்டியிருந்த பக்கம் தொட்டால் விறைப்பாக இருந்தது. டாக்டர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "யார் ஐஸில் போட்டது?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். நான் வாய் திறக்கவில்லை. பிரஸ் நசுக்கிய விரல், எப்படியும் ஒட்டுவது கடினம்தான் என்று அப்புறம் சொன்னார்கள். இருக்கலாம். அந்தத் தம்பி இப்போதும் தீபாவளிக்கு வாழ்த்து அனுப்புகிறான். அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த டபாவ் பைதான் கண்முன்னே வரும்.

சரி, எப்படிச் செய்திருக்க வேண்டும் என்று பார்ப்போம்.

விரலைத் தேடாதீர்கள், ஆளைப் பாருங்கள்

விபத்து நடந்த நொடியில் எல்லோர் கண்ணும் கீழே விழுந்த துண்டின் மேல்தான் போகும். அது மனித இயல்பு. ஆனால் விரல் பத்து நிமிடம் காத்திருக்கும், ரத்தம் காத்திருக்காது. இயந்திரத்தை நிறுத்துங்கள், மெயின் சுவிட்சையே அணையுங்கள். கை உள்ளே மாட்டியிருந்தால் இயந்திரத்தைப் பின்னோக்கி ஓட்டிப் பார்க்கும் வேலை வேண்டாம். தீயணைப்புப் படையும் 999 என்ற அவசர எண் வழியாகவே வரும்.

அடிபட்டவரை உட்கார வையுங்கள், முடிந்தால் படுக்க வையுங்கள். நின்றபடியே மயங்கி விழுந்து மண்டையை உடைத்துக்கொண்டவரையும் பார்த்திருக்கிறேன். சுத்தமான காஸ் துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து, நன்றாக அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேல் உயர்த்தச் சொல்லுங்கள். துணி நனைந்தால் எடுத்துப் பார்க்காதீர்கள். அதன்மேலேயே இன்னொரு துணியை வைத்து அழுத்துங்கள். எடுத்துப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் உறையத் தொடங்கிய ரத்தம் மறுபடி ஓட ஆரம்பிக்கும்.

முழுதாகத் துண்டான விரலில் பயந்த அளவுக்கு ரத்தம் வராமல் இருப்பதைப் பார்த்துப் புதியவர்கள் குழம்புவார்கள். முழுதாக அறுந்த தமனி உள்ளே இழுத்துக்கொண்டு சுருங்கிவிடும். பாதி அறுந்ததுதான் திறந்த வாயோடு பீய்ச்சும். ஆகவே ரத்தம் குறைவாக இருந்தால் காயம் சின்னது என்று நினைத்துவிடாதீர்கள்.

விரலில் ரப்பர் பேண்டோ கயிறோ கட்டி இறுக்க வேண்டாம். அழுத்தம் போதும். கையோ காலோ துண்டாகி, அழுத்தியும் ரத்தம் நிற்காமல் உயிருக்கு ஆபத்து என்ற நிலை வந்தால் மட்டும், காயத்துக்கு நாலு விரற்கடை மேலே, மூட்டின் மேல் படாமல், அகலமான பட்டையால் இறுக்கிக் கட்ட வேண்டும். மெல்லிய கயிறு, கம்பி எல்லாம் சதையை அறுத்துவிடும். கட்டிய நேரத்தை எழுதி வையுங்கள். கட்டியதை அவிழ்ப்பது டாக்டர் வேலை.

மஞ்சள்தூள், காப்பித்தூள், பற்பசை எதுவும் காயத்தில் வேண்டாம். பாட்டி சொன்ன வைத்தியத்தை நான் குறை சொல்லவில்லை. ஒரு மில்லிமீட்டர் ரத்தக்குழாயைத் தேடித் தைக்கப்போகிறவர் அந்தக் காப்பித்தூளை முதலில் ஒவ்வொரு துகளாக எடுக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். இன்னொன்று: மனசு கேட்காமல் அடிபட்டவருக்குச் சூடாக ஒரு மைலோ கலக்கிக் கொடுப்பார்கள். கொடுக்காதீர்கள். மயக்க மருந்து கொடுத்து அறுவை செய்ய வயிறு காலியாக இருக்க வேண்டும். சிகரெட்டும் கூடாது. நிக்கோட்டின் ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடும்.

999 அழைக்கும்போது

ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் போனைக் கையில் வைத்துக்கொண்டு வார்த்தை வராமல் நிற்பார்கள். மூன்று மலாய்ச் சொற்கள் போதும். "ஜாரி புத்துஸ்" என்றால் விரல் துண்டாகிவிட்டது. "தாங்கான் புத்துஸ்" என்றால் கை. "கிலாங்" என்றால் தொழிற்சாலை; அதைச் சொல்லி, தொழிற்சாலையின் பெயரையும் சாலையின் பெயரையும் சொல்லுங்கள். முகவரியை இயந்திரத்துக்குப் பக்கத்துச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டிவைப்பது நல்லது. பதற்றத்தில் சொந்த வீட்டு முகவரியே மறந்துபோகும், பட்டறை முகவரி எங்கே நினைவுக்கு வரப்போகிறது!

பக்கத்திலுள்ள கிளினிக்குக்குப் போய் ஒரு கட்டுப் போட்டுக்கொண்டு அப்புறம் பெரிய மருத்துவமனைக்குப் போகலாம் என்ற யோசனையை விட்டுவிடுங்கள். ஒரு மணி நேரம் அங்கேயே போய்விடும். மருத்துவமனையில் சிவப்புப் பலகையில் "கெசெமாசான்" என்று எழுதியிருக்கும் வாசல்தான் அவசரப் பிரிவு.

ஐஸ் கோசோங்கில் மிதக்கும் பை

ஒருவர் காயத்தை அழுத்திப் பிடித்திருக்கும்போது இன்னொருவர் துண்டைத் தேடட்டும். கையுறைக்குள்ளேயே விரல் இருந்தால் கையுறையோடு எடுங்கள், உருவ வேண்டாம். சின்னத் தோல், நகத்துண்டு, எது கிடைத்தாலும் எடுங்கள். "இது எதற்கும் உதவாது" என்று முடிவு செய்யும் உரிமை நமக்கில்லை. முழு விரல் ஒட்டாவிட்டாலும், அதிலிருக்கும் தோலையும் நரம்பையும் வேறு விரலைச் சரிசெய்ய எடுத்துக்கொள்வார்கள்.

மண்ணோ இரும்புத்தூளோ அப்பியிருந்தால் சலைன் ஊற்றி ஒருமுறை அலசுங்கள். சலைன் இல்லையென்றால் போத்தல் தண்ணீர் போதும். தேய்க்கக்கூடாது, பிரஷ் கூடாது, டெட்டாலும் ஸ்பிரிட்டும் கூடவே கூடாது. கிரீஸ் போகவில்லையென்றால் போகட்டும் என்று விடுங்கள். அதை எடுக்க அவர்களிடம் வழி இருக்கிறது.

இனி கட்டுவது. இதை மெதுவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரும் தவறுவது இங்கேதான்.

ஒரு காஸ் துணியை எடுத்துச் சலைன் ஊற்றி நனையுங்கள். பிறகு பிழியுங்கள். இட்லித் தட்டில் துணியை விரிப்பதற்கு முன்னால் பிழிவோமே, அந்தப் பதம்: தொட்டால் ஈரம், தூக்கினால் சொட்டக்கூடாது. அதில் விரலை இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். வறண்டால் திசு காய்ந்துபோகும். நீரில் மூழ்கினாலோ திசு ஊறி உப்பி, ரத்தக்குழாயைக் கண்டுபிடிக்கவே முடியாமல் போகும். எனவே துண்டை நேராகத் தண்ணீரில் போடுவதும் தப்பு, சலைன் பாட்டிலுக்குள் ஊறவைப்பதும் தப்பு.

சுற்றியதை ஸிப் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி, வாயை அழுத்தி மூடுங்கள். அதை இன்னொரு பையில் போட்டு மூடுங்கள். முதல் பை கசிந்தாலும் இரண்டாவது காப்பாற்றும். ஸிப் பை இல்லையென்றால் டபாவ் பையும் ரப்பர் பேண்டும் போதும். நம்மூரில் சூப்பைக்கூடச் சொட்டுச் சிந்தாமல் பையில் கட்டத் தெரிந்தவர்கள்தானே எல்லோரும். இரண்டு விரல் போயிருந்தால் தனித்தனியாகச் சுற்றித் தனித்தனிப் பையில் போடுங்கள். பையின் மேல் மார்க்கர் பேனாவால் பெயர், விபத்து நடந்த நேரம், ஐஸில் வைத்த நேரம் மூன்றையும் எழுதுங்கள்.

இப்போது ஐஸ். போலிஸ்டிரின் பெட்டியிலோ அகன்ற வாய் ஃபிளாஸ்க்கிலோ ஐஸைக் கொட்டுங்கள். அதில் தண்ணீரும் ஊற்றுங்கள். ஐஸும் வெறும் தண்ணீரும், அதாவது மாமாக் சாப்பாட்டுக் கடையில் "ஐஸ் கோசோங்" என்று கேட்டால் என்ன வருமோ அதுதான். அதன்மேல் பையை மிதக்க விடுங்கள். ஐஸுக்கு அடியில் புதைக்காதீர்கள்.

தண்ணீர் எதற்கு என்று எல்லோரும் கேட்பார்கள். ஃபிரீஸரிலிருந்து அப்போதுதான் எடுத்த ஐஸ் சுழியத்துக்குப் பல டிகிரி கீழே இருக்கும். அதோடு ஒட்டிய இடம் உறைந்துவிடும். தண்ணீர் சேர்ந்தால் கலவை சுழியத்திலேயே நிற்கும். ஈரத் துணியும் இரண்டு பையும் தாண்டி உள்ளே போகும்போது விரலுக்கு நாலு டிகிரி பக்கம் குளிர்ச்சி கிடைக்கும். நமக்கு வேண்டியதும் அதுதான். உப்புச் சேர்த்தால் கதை கெட்டது: ஐஸ்கிரீம் உறைய வைக்க ஐஸில் உப்புப் போடுவது, கலவை சுழியத்துக்கும் கீழே இறங்கும் என்பதால்தான். உலர் பனியும் கூடவே கூடாது.

உறைந்தால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு நான் வெண்டைக்காயைக் காட்டுவேன். ஒரு வெண்டைக்காயை இரவு ஃபிரீஸரில் வைத்துக் காலையில் எடுத்து மேசையில் வையுங்கள். கல் மாதிரி இருந்தது பத்து நிமிடத்தில் கருத்துத் தொங்கிவிடும். உள்ளே இருந்த நீர் உறைந்து உப்பி, ஒவ்வொரு செல்லின் சுவரையும் கிழித்துவிட்டது. அந்தக் காயைக் குழம்பில் போடலாம். விரலை என்ன செய்வது? இங்கே அதை லேடிஸ் ஃபிங்கர் என்று வேறு சொல்கிறார்கள். அதனால் வகுப்பில் ஒருவர் சிரிப்பார், அடுத்தவர் முகம் வெளுக்கும்.

ஐஸ் கிடைக்கவில்லையா? அதைத் தேடி அரைமணி நேரம் அலைய வேண்டாம். குளிர்ந்த டின் பானங்களை ஒரு துண்டில் சுற்றிப் பையைச் சுற்றி வைத்தால் போதும். அதுவும் இல்லையென்றால் ஈரத் துணியில் சுற்றிப் பையில் போட்டபடியே கிளம்புங்கள். பினாங்கில் நள்ளிரவு இரண்டு மணிக்கும் ஏதாவது ஒரு மாமாக் கடை திறந்திருக்கும். போகிற வழியில் வாங்கிக்கொள்ளலாம்.

பெட்டி அடிபட்டவரோடேயே போக வேண்டும், அதே வண்டியில். ஆள் அம்புலன்ஸில் போய், விரல் பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்து, பினாங்கு பாலத்து நெரிசலில் மாட்டிக்கொண்டது என்றால் யாரை நோவது!

ஒரு சின்னத் தோல் இழையில் விரல் தொங்கிக்கொண்டிருந்தால் மேலே சொன்ன பையில் கட்டும் வேலை எதையும் செய்யாதீர்கள். அதை அறுத்து எடுக்கவே கூடாது. அந்த இழைக்குள் ஒரு சிரை ஓடிக்கொண்டிருக்கலாம். விரலை நேராக, இருக்க வேண்டிய இடத்தில் வைத்து, ஈரக் காஸ் சுற்றி, ஒரு அட்டையையோ மரக்குச்சியையோ முட்டுக்கொடுத்துக் கட்டி, கட்டின் வெளியே ஐஸ் பையைத் துணியில் சுற்றி வையுங்கள்.

எத்தனை மணி நேரம் இருக்கிறது?

குளிரில் திசுவின் பசி குறையும். உயிரோடிருக்கும் செல் ரத்தம் வராவிட்டாலும் ஆக்சிஜனைத் தின்றுகொண்டே இருக்கும். குளிர்ந்தால் அந்த வேகம் பல மடங்கு இறங்கிவிடும். குளிர்விக்காத விரலுக்கு ஏறக்குறைய 12 மணி நேரம், சரியாகக் குளிர்வித்த விரலுக்கு 24 மணி நேரம் என்று கை அறுவை மருத்துவத்தில் கணக்கு வைத்திருக்கிறார்கள். கைக்கும் காலுக்கும் அதில் பாதிதான்: குளிர்விக்காமல் 6, குளிர்வித்து 12.

வித்தியாசம் தசையில் இருக்கிறது. விரலில் தசை என்று சொல்லும்படி எதுவும் இல்லை. எலும்பு, தசைநாண், நரம்பு, தோல், அவ்வளவுதான். முன்கையிலும் தொடையிலும் தசைதான் எல்லாம். தசை சீக்கிரம் சாகும். செத்த தசைக்குள் மறுபடி ரத்தத்தைப் பாய்ச்சினால், அங்கே தேங்கிய பொட்டாசியமும் மற்ற நச்சும் உடம்பெங்கும் பரவி இதயத்தையும் சிறுநீரகத்தையும் தாக்கும். அதனால்தான் நேரம் கடந்துவிட்ட கையை டாக்டர்கள் ஒட்ட மறுக்கிறார்கள். ஒரு கைக்காக ஆளை இழக்க முடியாது.

இந்தக் கணக்கு பினாங்கில் எப்படிப் பொருந்தும்? பினாங்குத் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் பினாங்கு பாலம் 13.5 கிலோமீட்டர் நீளம். வேலை விடும் நேரத்தில் அதைத் தாண்ட எவ்வளவு ஆகும் என்பது உங்களுக்கே தெரியும். பெருநிலத்தில் இருந்தால் செபராங் ஜெயா மருத்துவமனை பக்கம். தீவில் ஜார்ஜ் டவுனிலிருக்கும் பினாங்கு மருத்துவமனை மாநிலத்தின் பெரிய அரசாங்க மருத்துவமனை. எங்கே கொண்டுபோவது என்பதை 999-இல் பேசுபவரிடமே கேளுங்கள். அன்றைக்கு எங்கே கை அறுவைக்கு ஆள் இருக்கிறது என்பது மருத்துவமனைகளுக்குள் பேசித் தீர்க்கிற விஷயம். கோலாலம்பூருக்கு அனுப்ப வேண்டியிருந்தால், ஏறக்குறைய 350 கிலோமீட்டர், ஐந்து மணி நேரமென்று வைத்துக்கொள்ளுங்கள். சரியாகக் கட்டிய விரலுக்கு அந்தப் பயணம் தாங்கும். துண்டான கைக்கு ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. கையோ காலோ துண்டானால் சொந்தக் காரில் ஏற்றாமல் அம்புலன்ஸையே நம்புங்கள்.

இந்தக் கலை அப்படியொன்றும் பழையதல்ல. 1962-இல் அமெரிக்காவின் பாஸ்டனில், சரக்கு ரயிலில் ஏறப்போய்த் தோளருகே கை துண்டான 12 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாகக் கையை ஒட்டினார்கள். அடுத்த ஜனவரியில் ஷாங்காயில் டாக்டர் சென் சோங்வெய், தொழிற்சாலையில் கை இழந்த ஒரு தொழிலாளிக்கு அதைச் செய்தார். நம்மைப் போன்ற ஆள்! விரல் அதைவிடக் கடினம், குழாய் அவ்வளவு சின்னது. 1965-இல் ஜப்பானின் நாராவில் கொமாட்சு, தமாய் என்ற இரண்டு டாக்டர்கள் நுண்ணோக்கியை வைத்து ஒரு கட்டைவிரலை ஒட்டியது அந்தத் துறையின் தொடக்கம். நம் நாட்டிலும் ஒரு பெரிய பக்கம் உண்டு. 2000 மே மாதம் செலாயாங் மருத்துவமனையில், டாக்டர் வி. பத்மநாதன் தலைமையிலான குழு, இறந்துபோன இரட்டைச் சகோதரியின் கையை ஒரு மாதக் குழந்தைக்குப் பொருத்தியது. அப்போது உலகமே திரும்பிப் பார்த்தது. எங்கள் பட்டறை காண்டினில் பழைய ஆட்கள் இன்றைக்கும் அவர் பெயரைச் சொல்வார்கள்.

எல்லா விரலும் ஒட்டாது

இதைச் சொல்லாமல் விட்டால் பொய் நம்பிக்கை கொடுத்ததாகிவிடும். கத்தியில் அறுந்ததுபோல நேரான வெட்டு என்றால் வாய்ப்பு நன்றாக இருக்கும். பிரஸ்ஸில் நசுங்கியது, பெல்ட்டில் சிக்கிப் பிய்ந்தது, பட்டாசு வெடித்துச் சிதறியது எல்லாம் கடினம். கட்டைவிரல் என்றால் டாக்டர்கள் கடைசிவரை முயல்வார்கள், கையின் வேலையில் ஏறக்குறைய 40 விழுக்காடு அதனுடையது. பல விரல் ஒன்றாகப் போயிருந்தாலும், அடிபட்டது குழந்தை என்றாலும் முயல்வார்கள். பெரியவரின் ஒற்றை ஆள்காட்டி விரலை ஒட்டாமலே விட்டால், அது அலட்சியம் அல்ல. மடங்காமல் விறைத்து நிற்கும் விரலைவிட, அது இல்லாத கை பல சமயம் நன்றாக வேலை செய்யும். ஆகவே அடிபட்டவரிடம் "கவலைப்படாதே, ஒட்டிவிடுவார்கள்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "பத்திரமாக எடுத்துவந்திருக்கிறோம்" என்று மட்டும் சொல்லுங்கள். அது உண்மை.

மோதிரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. லோரியின் பின்புறத்திலிருந்து குதிக்கும்போது மோதிரம் கொக்கியில் மாட்டினால், உடம்பு கீழே போகும், விரல் மேலேயே நிற்கும். தோல் மட்டும் கையுறைபோல உரிந்து வரும் காயம் அது. ஒட்டுவதற்கு இருப்பதிலேயே கொடுமையானது. கல்யாண மோதிரமாகவே இருந்தாலும் வேலைக்கு வரும்போது கழுத்துச் சங்கிலியில் கோத்துச் சட்டைக்குள் போட்டுக்கொள்ளுங்கள், இயந்திரத்துக்குக் கிட்டப் போகிறவர் என்றால் வீட்டிலேயே வையுங்கள். மனைவி கோபித்துக்கொண்டால் இந்தப் பத்தியைக் காட்டுங்கள்.

காது, மூக்கு நுனி, உதடு, ஆணுறுப்பு, கூந்தல் சிக்கித் தலைத்தோல் உரிவது, எல்லாவற்றுக்கும் முறை ஒன்றே: ஈரத்துணி, பை, ஐஸ் தண்ணீர். வெட்கப்பட்டு மறைத்து நேரத்தை வீணாக்கினால் நஷ்டம் அவருக்குத்தான். தானமாகக் கிடைத்த சிறுநீரகத்தையும் இதயத்தையும் கொண்டுபோவதும் இதே தத்துவம்தான். அவற்றை ரத்தத்துக்குப் பதில் குளிர்ந்த திரவத்தால் கழுவி, பைக்குள் பை வைத்து, ஐஸ் பெட்டியில் அனுப்புவார்கள். இதயத்துக்கு நாலு மணி நேரம்தான் தவணை, சிறுநீரகம் ஒரு நாள்கூடத் தாங்கும். அங்கேயும் உறுப்பு ஐஸைத் தொடாது.

பல் மட்டும் விதிவிலக்கு. மோட்டாரில் விழுந்து முன்பல் முழுசாகப் பிடுங்கி வந்துவிட்டால் ஐஸ் வேண்டாம். பல்லில் வாய்க்குள் வெளியே தெரியும் பகுதியைப் பிடித்து எடுங்கள், வேரைத் தொடாதீர்கள், தேய்க்காதீர்கள். அழுக்காக இருந்தால் பாலில் லேசாக அலசி, பெரியவர் என்றால் அதே குழியில் திருப்பிப் பொருத்தி, துணியைக் கடித்துக்கொள்ளச் சொல்லலாம். முடியாவிட்டால் ஒரு டம்ளர் பாலில் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் பல் டாக்டரிடம் ஓடுங்கள். பால் என்றால் பெட்டியில் வரும் பசும்பால். இதை ஏன் சொல்கிறேன் என்றால், தே தாரேக் கலக்கும் கடையில் பால் கேட்டால் இனிப்புக் கெட்டிப்பால் டின்னைத்தான் உடைப்பார்கள். அந்தச் சர்க்கரைப் பாகில் பல்லைப் போடாதீர்கள். சின்னக் குழந்தையின் பால்பல் விழுந்தால் திருப்பிப் பொருத்தக் கூடாது, உள்ளே வளரும் பல்லைக் கெடுத்துவிடும்.

மருத்துவமனை வாசலில்

பெட்டியை நர்ஸ் கையிலோ டாக்டர் கையிலோ கொடுங்கள். நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு ஃபாரம் எழுதப் போகாதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது, எத்தனை மணிக்கு நடந்தது, அடிபட்டவர் கடைசியாக எப்போது சாப்பிட்டார், என்ன மருந்து சாப்பிடுகிறார், சர்க்கரை நோய் உண்டா என்று கேட்பார்கள். கிளம்புமுன் காயத்தையும் துண்டையும் போனில் ஒரு படம் எடுத்துவைத்தால், கட்டைத் திரும்பத் திரும்பப் பிரிக்காமல் காட்டலாம். அதை வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம், அடிபட்டவரின் அம்மாவும் அந்தக் குழுவில் இருக்கலாம்.

சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) விஷயம்: விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி அறிவிக்க வேண்டும். 2019 ஜனவரி முதல் சட்டப்படி வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் சொக்சோ உண்டு. புதிதாக வந்த தம்பிமார்களுக்கு இது தெரியாது, தெரியாமல் இருப்பதே சிலருக்கு வசதி. நேரம், இயந்திரம், சாட்சி எல்லாவற்றையும் அன்றைக்கே எழுதி வையுங்கள்.

ஒட்டியபின் கதை நீளமானது. முடியைவிட மெல்லிய நூலால் தைத்த குழாய் அடைத்துக்கொள்ளாமல் இருக்க அறை வெதுவெதுப்பாக இருக்கும், காப்பியும் சிகரெட்டும் கூடாது என்பார்கள். சில சமயம் தமனியைத் தைத்துவிடுவார்கள், சிரையைத் தைக்க முடியாது. உள்ளே போன ரத்தம் வெளியே வர வழியில்லாமல் விரல் நீலம் பாரிக்கும். அப்போது மருத்துவ அட்டைப்பூச்சியை விட்டு உறிஞ்ச விடுவதுண்டு. அமெரிக்காவில் 2004-இல் அட்டையை மருத்துவ உபகரணமாகவே அனுமதித்துவிட்டார்கள். இதை என் தாத்தாவிடம் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார். ரப்பர் தோட்டத்தில் காலில் ஏறிய அட்டையை உப்பு வைத்து விரட்டியே அவர் ஆயுள் கழிந்தது.

பெட்டியும் ஒத்திகையும்

எங்கள் பட்டறையில் முதலுதவிப் பெட்டிக்குப் பக்கத்தில் தனியாக ஒரு டப்பா உண்டு. காஸ் துணி பத்து, சின்னச் சலைன் பாட்டில் நாலு, இரண்டு அளவில் ஸிப் பைகள், கையுறை, மார்க்கர், ஒரு அகன்ற வாய் ஃபிளாஸ்க், அகலப் பட்டை ஒன்று. காண்டின் ஃபிரீஸரில் ஒரு பை ஐஸ் எப்போதும் இருக்கும். மருந்தகத்தில் முப்பது நாற்பது மலேசிய வெள்ளிக்குள் முடிந்த செலவு.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை. விரலுக்குப் பதில் இஞ்சி. விரல் மாதிரியே கணு வைத்த துண்டாகத் தேர்ந்தெடுத்து, இயந்திரத்துக்கு அடியில் போட்டுவிட்டு "விபத்து" என்று கத்துவேன். முதல் தடவை எட்டு நிமிடம் ஆனது. பையைப் பிரித்தால் இஞ்சி தண்ணீரில் மிதந்தது. பையை மூடியது கடைசல் இயந்திரத்தில் நிற்கும் முத்து அண்ணன். "தம்பி, இஞ்சிதானே" என்றார். "அண்ணே, அது உங்க விரல்" என்றேன். அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டார். அடுத்த ஒத்திகையில் நாலு நிமிடம், துணி ஈரம், பை உலர்ந்து கிடந்தது.

டப்பாவில் ஒரே ஒரு தொல்லை இருந்தது. மாதக் கடைசியில் திறந்து பார்த்தால் ஸிப் பைகள் குறைந்திருக்கும். வீட்டிலிருந்து கொண்டுவந்த சம்பலும் மீன் வறுவலும் மிச்சமானால் அதில்தான் கட்டிக்கொண்டு போவார்கள். பூட்டுப் போட முடியாது, விபத்து நேரத்தில் சாவி தேட யார் போவது? கடைசியில் மூடியின் மேல் சிவப்பு மார்க்கரால் "விரல் வைக்கும் பை" என்று பெரிதாக எழுதி ஒட்டினேன். அதற்குப் பிறகு ஒரு பைகூடக் குறையவில்லை.